தரை காயும்வரை

மாதா கோயிலில் இன்று யாரோ பித்தளை மெழுகுதிரித் தண்டை மினுக்கிக்கொண்டிருந்தார்கள். அந்த மினுக்கும் பசையின் மணத்தில், ஒடென்சே நகரில் அம்மா துப்புரவு வேலை செய்த, இப்போது இல்லாத அந்தப் பழைய மதுச்சாலை திரும்பி வந்தது. சனிக்கிழமைக் காலைகளில் அம்மா வாசலில் சப்பாத்தைக் கழற்றிவிட்டு, அதன் கறுத்த மரத்தரையைத் துடைத்து, பித்தளைக் குழாய்களை மினுக்கி முடிக்கும்வரை, நான் பியர் மணம் ஊறிய சிவப்பு மெத்தை இருக்கையில் படுத்திருப்பேன். நேரத்தோடு வரும் கிழவர்கள் வாசலில் அம்மாவின் சப்பாத்தைக் கண்டால், தரை காயும்வரை உள்ளே வராமல் வெளியிலேயே நிற்பார்கள்.

உறவினர்களிடம் அம்மா அதைக் கடை என்றே சொல்லிவந்தார்.

அம்மாவின் செத்தவீட்டன்று அந்தக் கிழவர்கள் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள்.

"ஆர் பிள்ளை இவையள்?" என்று மாமா கேட்டார்.

"அம்மாவின்ர கடை ஆக்கள்," என்றேன்.

வாசலில் குவிந்திருந்த சப்பாத்துகளைக் கண்டு, அவர்கள் தொப்பியைக் கழற்றிக்கொண்டு மழையிலேயே நின்றார்கள்.