பஜனை நிற்காத வாசல்

மார்கழி பிறந்தால் போதும், எங்கள் தேயிலைத் தோட்டத்து ஆண்களுக்கு எங்கிருந்தோ பக்தி வந்து ஒட்டிக்கொள்ளும். மற்ற மாதங்களில் கோயில் பக்கம் தலைவைத்துப் படுக்காதவன்கூட விடியும் முன்னே எழுந்து, நெற்றி நிறையப் பட்டை போட்டுக்கொண்டு பஜனைக்கு வந்து நிற்பான். பச்சைத் தண்ணீரில் குளித்தேன் என்று வேறு பீற்றிக்கொள்வான். குளித்தானா இல்லையா என்பதை அவன் பெண்டாட்டியைத்தான் கேட்க வேண்டும். இந்த ஹட்டன் குளிரில் பீலிக் குழாயில் விழுகிற தண்ணீரைத் தொட்டாலே விரல் விறைத்துப்போகும். இவர்கள் தலையில் ஊற்றிக்கொண்டார்களாம், நான் நம்பணுமாம்!

இவர்களைப் பற்றி இப்படிப் பேச எனக்கு உரிமை உண்டு. தோட்டத்துப் பிள்ளை மடுவத்தில் நான் ஆயாவாக இருந்தவள். தாய்மார் கொழுந்து பறிக்க மலைக்குப் போகும்போது பிள்ளைகளை என்னிடம்தான் விட்டுவிட்டுப் போவார்கள். இன்றைக்குக் கோயில் கமிட்டி என்று சால்வை போட்டுக்கொண்டு திரிகிறவர்களில் பாதிப் பேருக்கு மூக்கைச் சிந்திவிட்டது இந்தக் கைதான். கமிட்டித் தலைவர் இருக்கிறாரே, அவர் பள்ளிக்கூடம் போகிற வயது வரைக்கும் பாயை நனைத்தவர். இப்போது என்னைப் பார்த்தால் தலையை மட்டும் லேசாக அசைக்கிறார், பெரிய மனுஷர்.

பஜனை என்னவோ நல்ல வழக்கம்தான், அதை நான் குறை சொல்லவில்லை. கோயிலில் தொடங்கி, நாங்கள் குடியிருக்கிற வரிசை வீடுகளுக்கு லயம் லயமாக இறங்கி, ஒவ்வொரு வாசலிலும் நின்று பாடுவார்கள். வீட்டுக்காரி விளக்கோடு வெளியே வருவாள். விபூதி வாங்கிக்கொண்டு எல்லாருக்கும் சூடாகத் தேத்தண்ணி கொடுப்பாள். அந்தக் குளிரில், இருட்டில், யார் வீட்டில் சுகமில்லை, யாருக்குப் பேறுகாலம் என்று எல்லாம் தெரிந்துவிடும். சண்டை போட்டுக்கொண்டவர்கள்கூட ஒரு கோப்பைத் தேத்தண்ணியில் பேசிவிடுவார்கள். ஆனால் இந்த நல்ல வழக்கத்துக்குப் பின்னால் ஒரு கெட்ட சட்டமும் இருக்கிறது. கல்யாணமோ கருமாதியோ, பஜனை நிற்கிற வாசலுக்குத்தான் தோட்டம் வரும். நிற்காத வாசலுக்கு ஒரு ஈ காக்கை வராது.

என் பக்கத்து அறையில், அதாவது பக்கத்துக் காம்பராவில், இருக்கிறவளின் வாசலில் பஜனை நிற்பதில்லை. எங்கள் லயத்தின் கடைசிக் காம்பரா அவளுடையது, அதற்கு முந்தினது என்னுடையது. அவள் புருஷன்தான் பஜனைக்கு லாம்பு பிடித்தவர். அரிக்கன் லாம்பைத் தூக்கிக்கொண்டு அவர் முன்னால் போவார், பாடுகிறவர்கள் அந்த வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டே பின்னால் போவார்கள். எத்தனை மார்கழி! பனிமூட்டம் எப்படி இறங்கினாலும் ஒருத்தர் கால் இடறியதில்லை.

அந்த மனுஷன் டிக்கோயா ஆஸ்பத்திரியில் படுக்கையாகக் கிடந்தபோது, இவள் கும்பிடாத சாமியில்லை. கடைசியில் யாரோ கூப்பிட்டார்கள் என்று டவுனில் ஒரு ஜெப வீட்டுக்கும் போய் முட்டி போட்டுவிட்டு வந்தாள். உயிர் போகிற புருஷனுக்காக ஒருத்தி எந்த வாசலில் முட்டி போட்டால் என்ன? மனுஷன் பிழைக்கவில்லை. கருமாதி முடிந்த கையோடு கமிட்டி கூடி, "மதம் மாறப் போனவ வாசல்ல பஜனை நிக்காது" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டது. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்பது சும்மாவா? இதே கமிட்டிக்காரர்கள் இயேசு பிறந்த நத்தாருக்குத் துரை பங்களாவில் கேக் கொடுத்தால் வரிசையில் முண்டியடித்துக்கொண்டு நிற்பார்கள். தலைவர் மடியில் வேறு கட்டிக்கொண்டு வருவார். அதில் சாமிக்குக் கோபமில்லை.

போன மார்கழியில்தான் விஷயம் கழுத்துக்கு வந்தது. அவள் மகளுக்குத் தையில் கல்யாணம். மாப்பிள்ளை வீடு கொத்மலைப் பக்கம். கல்யாணம் என்றால் முதலில் வாசலில் பந்தக்கால் ஊன்ற வேண்டும். தாய் தாலி இழந்தவள், அவள் கை படக்கூடாதாம். தகப்பன் இல்லை, கூடப்பிறந்தவனும் இல்லை. தோட்டத்து ஆட்கள் வந்து ஊன்றினால்தான் உண்டு. பஜனை நிற்காத வாசலுக்கு எவன் வருவான்? ஒருத்தரும் வராமல் மாப்பிள்ளை வீட்டார் முன்னால் பெண் தலைகுனிந்து நிற்க வேண்டியதுதான்.

அதனால் இவள் மார்கழி முதல் நாளிலிருந்தே விடியுமுன் எழுந்து, வாசல் தெளித்து, கோலம் போட்டு, புருஷனின் அரிக்கன் லாம்பைத் துடைத்து ஏற்றி முன் திண்ணை இஸ்தோப்பில் தொங்கவிட்டு, அண்டா நிறைய இஞ்சித் தேத்தண்ணி போட்டு வைத்துக்கொண்டு நிற்பாள். பஜனை என் வாசலில் நிற்கும், அவள் வாசலைப் பார்க்காததுபோலத் திரும்பிப் போய்விடும். அவள் தேத்தண்ணியை லயத்தோரச் சாக்கடைக் கானில் ஊற்றுகிற சத்தம் எனக்குக் கேட்கும்.

"ஏன்டி இந்தப் பாடு? நாளைக்காவது விடேன்" என்றேன்.

"இருக்கட்டும்க்கா. என்னைக்காவது நிப்பாங்க" என்றாள்.

பிறகு ஒரு நாள் காற்றும் மழையுமாக அடித்து மரம் விழுந்து கரண்ட் போனது. மறுநாள் விடியலில் மூட்டமென்றால் மூட்டம், நீட்டின கை தெரியவில்லை. கோயிலிலிருந்து இறங்குகிற பாதை ஓரிடத்தில் இரண்டாகப் பிரியும். ஒன்று லயத்தின் அந்தத் தலைக்கு, தலைவர் வீட்டுக்கு. மற்றது எங்கள் தலைக்கு. லயத்துக்கு இரண்டு தலையும் ஒன்றுபோலத்தான் இருக்கும். தினமும் தலைவர் வாசலில் கலர் பல்பு மினுக்கும், அதைப் பார்த்து அங்கே போய்த் தொடங்குவார்கள். அன்றைக்குப் பல்பு ஏது? பாடுகிற பையன்களோ கொழும்பிலிருந்து லீவுக்கு வந்தவர்கள். பாட்டு மனப்பாடம் கிடையாது, போனைப் பார்த்துப் பாடுகிறார்கள். குனிந்த தலை நிமிர்வதில்லை. பெரியவர்கள் மூட்டத்துக்குள் ஒரு மஞ்சள் வெளிச்சத்தைப் பார்த்திருக்கிறார்கள். கால் பழகின பழக்கம், லாம்பைப் பார்த்ததும் தானாக அதன் பின்னால் வந்துவிட்டது.

நான் கதவைத் திறந்துகொண்டு எட்டிப் பார்த்தேன். அவள் வாசலில் பஜனை! தொண்டை கிழியப் பாடுகிறார்கள். அவள் முக்காடு போட்டுக்கொண்டு விளக்கோடு வந்தாள். விபூதி கொடுத்தார்கள். தேத்தண்ணி கொடுத்தாள். தலைவர் குரங்குக் குல்லாயை மூக்கு வரைக்கும் இழுத்துவிட்டுக்கொண்டு, ஊதி ஊதிக் குடித்தார்.

"என்னாடி, இன்னைக்குத்தான் தேத்தண்ணி தேத்தண்ணி மாதிரி இருக்கு! இத்தன நாளா இஞ்சிய எங்க ஒளிச்சு வச்சிருந்த?" என்றார்.

ஐயோ, நான் வாயைப் பொத்திக்கொண்டேன்.

"நான் உங்க வீட்டம்மா இல்லீங்கண்ணே" என்றாள் இவள், மெதுவாக.

பாட்டு நின்றது. ஜால்ரா நின்றது. போன் வெளிச்சத்தை அவள் முகத்தில் அடித்துப் பார்த்தார்கள். தலைவர் கோப்பையைத் திண்டில் வைத்துவிட்டு, சால்வையைச் சரிசெய்துகொண்டு, "தெரியாம நின்னது செல்லாது. வாங்கப்பா" என்றார்.

எனக்கு வந்ததே ஆத்திரம்! "செல்லாதா? அப்ப குடிச்ச தேத்தண்ணியக் கக்கிட்டுப் போடா! கக்கு, ஒத்துக்கிறேன்!" என்று கத்தினேன். லயமே எழுந்துவிட்டது. அவர் திரும்பிப் பார்க்காமல் விறுவிறுவென்று மூட்டத்துக்குள் நடந்தார். கொஞ்ச நேரத்தில் 'தொப்' என்று ஒரு சத்தம், "அம்மா" என்று ஓர் அலறல். பெரிய மனுஷர் கானுக்குள் விழுந்துவிட்டார். பையன்கள் போனை அடித்துத் தேடுகிறார்கள். மூட்டத்தில் போன் வெளிச்சம் அடித்தால் எதிரே வெள்ளைச் சுவர்தான். கடைசியில் லாம்பைக் கழற்றிக்கொண்டு ஓடியது யார்? இவள்தான். அவள் குனிந்து வெளிச்சம் காட்ட, சேறும் சகதியுமாக அவர் ஏறி வந்தார். நல்லவேளை, முட்டியில் சிராய்ப்போடு போயிற்று. அப்போதும் வாய் சும்மா இருந்ததா? "வழுக்கல, சும்மா எறங்கிப் பாத்தேன்" என்றார்.

அன்று பின்னேரம் தலைவரும் இன்னும் இரண்டு பேரும் அவள் இஸ்தோப்பில் வந்து நின்றார்கள். நானும் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன்.

"தங்கச்சி, கரண்ட் வர நாளாகுமாம். அந்த லாம்பக் கொஞ்சம் குடுத்தீங்கன்னா, மார்கழி முடியிற வரைக்கும்…" என்று இழுத்தார். அன்றைக்குத்தான் தங்கச்சியானாள்.

அவள் லாம்புக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்: "லாம்பு தனியா வராதுங்கண்ணே. அவரு இருந்தப்பவும் தனியா வந்ததில்ல. நானே புடிச்சுக்கிட்டு வர்றேன். பஜனை இந்த வாசல்ல நின்னு பாடிட்டுக் கெளம்பட்டும்."

"பொம்பள முன்னால போறதா? அதுவும்…"

"அதுவும் என்னடா? முழுசாச் சொல்லு!" என்றேன் நான். "தாலி இல்லாதவன்னுதானே? கான்ல கெடந்தப்ப இவ வெளிச்சத்துலதானே ஏறி வந்த? அப்ப கழுத்துல தாலி இருக்கான்னு பாத்தியா?"

மற்ற இரண்டு பேரும் அவருடைய முட்டிக் கட்டைப் பார்த்தார்கள். அவர் கூரையைப் பார்த்தார். பிறகு, "சரி, சாமி காரியம்" என்றார். மானத்தைச் சாமி தலையில் கட்டிவிட்டால் போகிறது.

மறுநாள் விடியலில் பஜனை அவள் வாசலில் வந்து நின்றது, தெரிந்தே நின்றது. பாடி முடித்ததும் அவள் லாம்பை எடுத்துக்கொண்டு முன்னால் இறங்கினாள். திரியைக் கொஞ்சம் ஏற்றிவிட்டாள். அந்த மனுஷன் நடக்கிற அதே நடை. நான் கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டு கூடவே போனேன், அழுதுகொண்டே போனேன். பின்னால் தலைவர், "கொஞ்சம் மெதுவாப் போங்க தங்கச்சி" என்று கெஞ்சிக்கொண்டே நொண்டி வந்தார்.

தை பிறந்தது. பந்தக்கால் அன்று தோட்டமே அவள் வாசலில். குழி தோண்டியது யாரென்கிறீர்கள்? தலைவர்தான். கொத்மலையிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்திருந்தார்கள். முருங்கைக் கொப்பும் மாவிலையும் கட்டிய காலைச் சுமங்கலிகள் பிடிக்க, கமிட்டிக்காரர்கள் சேர்ந்து ஊன்றினார்கள். தலைவர் கையில் ஒட்டின மண்ணைத் தட்டிக்கொண்டு, சம்பந்தி வீட்டாரைப் பார்த்து நெஞ்சை நிமிர்த்தினார்.

"எங்க தோட்டத்துல இப்படித்தாங்க. இந்த வீட்ட நாங்க ஒரு நாளும் விட்டுக்குடுத்ததில்ல."

அடப்பாவி! நான் எழுந்துவிட்டேன், வாயையும் திறந்துவிட்டேன். மார்கழிக் கதை முழுவதும் நாக்கு நுனியில் நிற்கிறது. அதற்குள் அவள் ஓடிவந்து ஒரு கோப்பைத் தேத்தண்ணியை என் கையில் திணித்தாள்.

"பேசட்டும் விடுங்கக்கா" என்றாள் என் காதுக்குள். "கால் ஊணியாச்சு."