தயிர்ச்சட்டியும் வாச்சரின் நாயும்

விடுமுறை என்று சொல்லி எங்கள் குடும்பம் வெளியிடத்தில் போய்த் தங்கியது ஒரே ஒரு தடவைதான். ஐம்பதுகளின் நடுப்பகுதி, எனக்குப் பதினொரு வயது. கல்முனையில் புடவைக்கடை வைத்திருந்த வாப்பாவுக்கு நீர்ப்பாசன இலாகாவில் ஒரு கூட்டாளி இருந்தார். வயல்வெளிகளைத் தாண்டி மேற்கே காட்டோரக் குளமொன்றின் அருகில் இலாகாவின் சிறிய பங்களா சும்மா கிடக்கிறது, பிள்ளைகளோடு போய் நாலு நாள் இருந்துவிட்டு வா என்றார். நான் பெரியபிள்ளையாகிவிட்டால் பிறகு எங்கும் கூட்டிப்போக முடியாது என்று உம்மாவும் சம்மதித்தார். அப்போது அவர் ஆறு மாதக் கர்ப்பம்.

பங்களாவுக்குக் காவலாக ஒரு வாச்சர் இருந்தார். வாப்பாவை விட மூத்தவர், கிறிஸ்தவ வேதக்காரர், தனி ஆள். அவருக்குத் துணை ஒரு செவலை நாய். "ஆனை வந்தா இதுதான் எனக்குச் சொல்லும்" என்றார்.

எங்கள் மார்க்கப்படி நாயின் ஈரம் பட்டால் ஏழு தரம் கழுவ வேண்டும், அதில் ஒரு தரம் மண்ணோடு. எங்களுக்கு அது சிறுவயதிலேயே தெரியும். அதனால் தம்பிக்கும் நாய்க்கும் நடுவே வாப்பா ஓர் ஒப்பந்தம் செய்துவைத்தார். தம்பி குளத்தில் குச்சி எறியலாம். நாய் நீந்திப்போய்க் கவ்விவந்து கரையில் போடலாம். போட்ட குச்சியைத் தம்பி தொடக்கூடாது. ஒவ்வொரு தடவையும் புதுக்குச்சி. மூன்றாம் நாள் கரையில் ஒரு விறகுக் குவியலே சேர்ந்துவிட்டது. வாப்பா அப்படிச் சிரித்து நான் கடையில் பார்த்ததில்லை.

அன்று காலை வாச்சர் தோணியில் அக்கரைக்குப் போய், மாட்டுப் பட்டிக்காரரிடம் ஒரு சட்டி எருமைத்தயிர் வாங்கிவந்து கொடுத்தார். பின்னேரம் எல்லாரும் சாப்பிடலாம் என்று உம்மா அதைக் குசினியில் மூடிவைத்தார். நடுப்பகல் ளுஹர் தொழுதுவிட்டு உம்மா கண்ணயர்ந்தார். வாப்பாவும் தம்பியும் வாச்சரோடு தூண்டில் போடப் போயிருந்தார்கள். நான் குசினிக்குள் நுழைந்தேன். ஒரு கரண்டி மட்டும் என்றுதான் தொடங்கினேன். பாதிச் சட்டி காலியான பிறகுதான் பயம் வந்தது. திருப்பி வைக்கும்போது சட்டி கைநழுவி விழுந்து உடைந்தது.

"என்ன புள்ள சத்தம்?" என்று உம்மா எழுந்து வந்தார்.

பின்கதவு திறந்திருந்தது. வெளியே மரநிழலில் நாய் தூங்கிக்கொண்டிருந்தது.

"நாய் வந்து வாய வெச்சிட்டு உம்மா" என்றேன்.

உம்மா என்னை ஏசவில்லை. "எதெதுல வாய வெச்சுதோ, யாருக்குத் தெரியும்" என்று, அங்கிருந்த பானை, சட்டி, கோப்பை, கரண்டி எல்லாவற்றையும் குளக்கரைக்குக் கொண்டுபோகச் சொன்னார். வயிற்றைத் தாங்கியபடி தண்ணீரோரம் குந்தி, ஒவ்வொன்றையும் மண் போட்டுத் தேய்த்து, வாய்விட்டு எண்ணி ஏழு தரம் கழுவினார். நான் தண்ணீர் மொண்டு ஊற்றினேன். நாலாவது பானையில் அவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் அசையாமல் இருந்தார். சொல்லிவிடலாம் என்று வாய் வரை வந்தது. "அஞ்சு" என்று அவர் மறுபடி தொடங்கினார். நான் ஊற்றினேன்.

தூண்டில் போடப் போனவர்கள் திரும்பிவந்து விசயத்தைக் கேட்டார்கள். வாச்சரின் முகம் கறுத்தது. நாயைக் கூப்பிட்டார். அது வாலாட்டிக்கொண்டு வந்தது. குனிந்து அதன் வாயைப் பிடித்துப் பார்த்தார். பிறகு என்னை ஒருதரம் பார்த்தார். பிறகு ஒரு தடியை எடுத்து அடித்தார். நாய் ஓடவில்லை, அவர் காலடியிலேயே படுத்து அடி வாங்கியது.

"போதும் அண்ணன், விடுங்க! வாயில்லாச் சீவன்" என்று வாப்பா ஓடிப்போய்த் தடியைப் பிடித்தார்.

மறுநாள் காலையில் நாயைக் காணவில்லை. "அக்கரைல பட்டிக்காரரிட்ட விட்டுட்டன் முதலாளி. வந்த இடத்தில நீங்க நிம்மதியா இரிக்க வேணும்" என்றார் வாச்சர். தம்பி கையில் குச்சியோடு நின்று அழுதான். தண்ணீருக்கு அப்பாலிருந்து குரைப்புச் சத்தம் வந்துகொண்டே இருந்தது.

அன்று பின்னேரம் ஊர் திரும்பும் வழியில், வண்டியில் உம்மாவும் தம்பியும் தூங்கிய பிறகு, வாப்பாவின் காதில் எல்லாவற்றையும் சொன்னேன்.

"வாற கிழமை நாம ரெண்டு பேரும் திரும்பப் போவம். வாச்சரிட்ட நீதான் சொல்லணும்" என்றார் வாப்பா.

போனோம். வாச்சர் தோணிக்குத் தார் பூசிக்கொண்டிருந்தார். நான் அழுதுகொண்டே சொல்லி முடித்தேன். அவர் கைவேலையை நிறுத்தவில்லை.

"தெரியும் மகள். அண்டைக்கே அதுட வாயப் பாத்தன். ஒரு சொட்டுத் தயிர் இல்ல."

"அப்ப ஏன் அண்ணன் அடிச்சீங்க?" என்றார் வாப்பா.

"என்ட இடத்துக்கு வந்த புள்ளைய உம்மாக்கு முன்னால பொய்க்காரி எண்டு சொல்லவா? அடிச்சது என்ட பிழை. கோவம் புள்ளையில, அடி நாய்க்கு."

நாங்கள் ஊர் திரும்பிய மறுநாளே அவர் அதைக் கூட்டிவர அக்கரைக்குப் போயிருக்கிறார். பட்டிக்காரர் மாடுகளைச் சாய்த்துக்கொண்டு வேறு மேய்ச்சல் தரவைக்குப் போய்விட்டார்களாம். நாய் அவர்களோடு போனதா, காட்டுக்குள் ஓடியதா என்று சொல்ல அங்கே யாருமில்லை. மூன்று நாள் தோணியிலிருந்து விசில் அடித்துப் பார்த்தாராம். தெரிந்தவர் வீட்டில் குட்டி இருக்கிறது, கொண்டுவந்து தரட்டுமா என்று வாப்பா கேட்டார். "வேணாம் முதலாளி" என்று சொல்லிவிட்டு, எங்கள் இருவருக்கும் தேத்தண்ணி ஊற்றித் தந்தார். மிச்சம் வைக்க வெட்கமாக இருந்தது, குடித்தேன்.

உம்மாவிடமும் சொல்லிவிடவா என்று பஸ்ஸில் கேட்டேன். "புள்ள கிடைக்கட்டும், பிறகு சொல்லு" என்றார் வாப்பா. தங்கச்சி பிறந்தாள், நடந்தாள், பள்ளிக்கூடமும் போனாள். நான் சொல்லவில்லை.

ஆனால் வாச்சரைப் பார்த்துத் திரும்பிய அன்று வீட்டு வாசலில் நடந்ததுதான் இன்றும் என்னை உறுத்துகிறது. "எங்க போன ரெண்டு பேரும்?" என்று உம்மா கேட்டார். வாப்பா குனிந்து கால் கழுவிக்கொண்டிருந்தார். "வயல் பாக்கப் போன" என்றார். அவர் பொய் சொல்லி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். உள்ளே போய் ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினேன். என் முகத்தைப் பார்க்காமல் வாங்கிக் குடித்தார்.