வாடகைக் குரலும் வாறுகால் மூடியும்

ஸ்ரீவில்லிபுத்தூரில் எங்கள் மடவார் வளாகத்துத் தெருவுக்குள் குப்பை வண்டி வருவதற்கு முன்னாலேயே ஒரு குரல் வந்துவிடும். "அன்பார்ந்த பொதுமக்களே, கழிவுநீர்க் கால்வாய்களில் குப்பைகளைக் கொட்டாதீர்கள்" என்று ஒரு பெண் சொல்லுவாள். குரலில் ஒரு பிசிறு கிடையாது, நடுவில் ஒரு செருமல் கிடையாது. எங்கோ ஏசி அறையில் உட்கார்ந்து ஒரே ஒரு தடவை சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்விட்ட மகராசி. அவளைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு வயிற்றெரிச்சலாக இருக்கும். ஏனென்றால் நானும் ஒரு காலத்தில் அன்பார்ந்த பொதுமக்களைக் கூப்பிட்டுப் பிழைத்தவள்தான். சுட்டெரிக்கிற வெயிலில், குலுங்குகிற வண்டியில், வாயில் பனங்கற்கண்டை ஒதுக்கிக்கொண்டு.

அது கிடக்கட்டும். கழிவுநீர்க் கால்வாயாம்! நம் பக்கத்தில் யார் அப்படிச் சொல்கிறார்கள்? வாறுகால் என்று சொல்லிப் பாருங்கள். சொன்ன மாத்திரத்தில் மூக்கைப் பொத்தத் தோன்றும். ஒரு ஊராட்சித் தேர்தலையே இந்தச் சொல் புரட்டிப் போட்டது என்றால் நம்புவீர்களா? நம்ப வேண்டாம், கேளுங்கள்.

சத்தம் எனக்குப் பிறவிச் சொத்து. நான் வீட்டுக்குள் ரகசியம் பேசினால் பக்கத்து வீட்டுக்காரர்கள் பதில் சொல்லுவார்கள். "மெதுவாப் பேசுடி, பொண்ணு பாக்க வாறவன் தெருமுக்குலயே திரும்பிப் போயிருவான்" என்று அம்மா தலையில் அடித்துக்கொள்வாள். அந்தத் தொண்டையோடு ராஜபாளையத்தில் ஒரு சவுண்ட் சர்வீஸ் கடையில் பில் போடும் வேலைக்குச் சேர்ந்தேன். ஒருநாள் கடைப்பையனிடம் ஒயரை எடுத்து வரச் சொன்னேன். முதலாளி அண்ணாச்சி எதிர்த்த டீக்கடையிலிருந்து எழுந்து வந்துவிட்டார். "ஏம்மா, ஒனக்கெல்லாம் எதுக்கு பில் புக்கு? மைக்கப் பிடி" என்றார். அப்படித்தான் நான் கலைத்துறைக்குள் நுழைந்தேன்.

மைக்கின் முகத்தில் ஒரு இரும்பு வலை இருக்குமே, அதற்கு ஒரு வாடை உண்டு. முதல்நாள் பேசிய அரசியல்வாதியின் வெற்றிலை, அதற்கு முன்னால் கச்சேரி பாடியவரின் கிராம்பு, அதற்கும் முன்னால் யாரோ தின்ற புரோட்டா சால்னா, எல்லாம் அதற்குள் குடியிருக்கும். டெட்டால் போட்டுத் துடைத்தாலும் போகாது. சால்னா மட்டும் நிச்சயம் போகாது. இன்றைக்கும் புரோட்டாக் கடையைத் தாண்டும்போது என்னையறியாமல் "ஹலோ, ஹலோ" என்று சொல்லிவிடுவேன். என் வீட்டுக்காரர் கேலி செய்வதற்கு வேறு காரணமே தேட வேண்டியதில்லை.

அந்தச் சமயத்தில்தான் ஊராட்சித் தேர்தல் வந்தது. தளவாய்புரம் போகிற வழியில் நாலைந்து சின்ன ஊர்கள் சேர்ந்த ஒரு ஊராட்சி. தலைவராகிவிட வேண்டும் என்று தங்கப்பாண்டி என்பவர் பல வருஷமாக எல்லாக் கல்யாண வீட்டிலும் முதல் பந்தியில் உட்கார்ந்து வந்தார். பார்த்தால், அந்த முறை தலைவர் பதவியைப் பெண்களுக்கென்று ஒதுக்கிவிட்டார்கள். மனிதர் ஒருநாள் முழுக்கச் சாப்பிடவில்லை. மறுநாள் மனைவி வேலம்மாளை நிறுத்திவிட்டார்.

வேலம்மாள் சேத்தூர்ப் பக்கத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள். கொல்லையில் கோழியை விரட்டக்கூடச் சத்தம் போடமாட்டாள், கையைத்தான் ஆட்டுவாள். அவளைப் பேச வைத்துப் பார்த்த தங்கப்பாண்டி நேராக எங்கள் கடைக்கு வந்தார்.

"அவ பின்னால நின்னு கும்பிடட்டும். நீ முன்னால டிரைவர்கிட்ட உக்காந்து பேசும்மா. வேலம்மா பேசுறா, வேலம்மா கேக்கறான்னு சொல்லாத. நான், நான்னே சொல்லு. புரியுதா?"

புரிந்தது. குட்டி யானை வண்டியின் திறந்த பின்பக்கத்தில் வேலம்மாள் மாலையும் கழுத்துமாக நின்று கும்பிடுவாள். மேலே கட்டிய கூம்பு ஒலிபெருக்கியிலிருந்து, "உங்கள் வேலம்மாள் பேசுகிறேன் தாய்மார்களே!" என்று நான் அலறுவேன். ஜனங்கள் கண்ணில் பட்ட முகத்தையும் காதில் விழுந்த குரலையும் ஒன்றாக முடிச்சுப் போட்டுக்கொண்டார்கள். சின்னம் வேறு பூட்டு சாவி. என் வாய்க்குத்தான் பூட்டே கிடையாதே.

அச்சடித்த நோட்டீஸில் 'கழிவுநீர்க் கால்வாய்கள் சீரமைக்கப்படும்' என்று ஒரு வரி இருந்தது. அதை வாசித்தால் தெருவில் ஒரு தலைகூடத் திரும்பாது. ஒரு கடைசித் தெருவுக்குள் வண்டி போனபோது குப்பென்று வாடை ஏறியது. தெருவின் ஒரு ஓரம் முழுக்கத் திறந்த வாறுகால். ஒரு பெண் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அதற்குள் இறங்கி நின்றாள். தளவாய்புரத்துக் கம்பெனியிலிருந்து தைக்க எடுத்து வந்த நைட்டி பண்டல் மொபெட்டிலிருந்து சரிந்து உள்ளே விழுந்துவிட்டது. ரோஜாப்பூப் போட்ட புது நைட்டிகளைக் கறுப்புத் தண்ணீருக்குள்ளிருந்து ஒவ்வொன்றாக எடுத்துப் பிழிந்துகொண்டிருந்தாள். கெட்டுப்போனதற்கு அவள்தான் துணிக்காசு கட்ட வேண்டும். முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

எனக்கு மனசு தாங்கவில்லை. நோட்டீஸை மடித்து மடியில் வைத்தேன்.

"தாயே! இந்த வாறுகாலுக்கு மூடி போட்டுட்டுத்தான் எனக்கு மறுசோலி! இது வேலம்மா வாக்கு!"

அந்தப் பெண் நிமிர்ந்து பார்த்தாள். அவளுக்குப் பின்னால் தெருவே வாசலுக்கு வந்து பார்த்தது. தங்கப்பாண்டி ஓடி வந்து, "அப்படி அடிச்சு விடும்மா, இன்னொரு தடவ சொல்லு" என்றார். சொன்னேன். ஊர் ஊராகச் சொன்னேன். வேலம்மாள் ஜெயித்துவிட்டாள், அந்த வாறுகால் தெரு ஓட்டை அப்படியே அள்ளிக் கொடுத்திருந்தது.

அதற்குப் பிறகு கல்யாண சீசன், கோவில் கொடை என்று எனக்கு நிற்க நேரமில்லை. ஒருநாள் கடை வாசலில் நின்று, பேண்டேஜ் துணிக் கம்பெனியிலிருந்து விழாவுக்கு மைக் கேட்டு வந்தவரிடம் வாடகை பேசிக்கொண்டிருந்தேன். எதிரே நூல் கடையில் நூல்கண்டு பார்த்துக்கொண்டிருந்த ஒரு பெண் சடாரென்று திரும்பினாள். ரோட்டைத் தாண்டி நேரே வந்தாள்.

"ஏட்டி, இன்னொருக்கப் பேசு."

"என்னக்கா பேச?"

"அடிப்பாவி! நீதானா பிரசிடெண்ட்டு?"

வாறுகாலுக்குள் நின்றவளேதான். பெயர் பேச்சியம்மாள். பெயருக்கேற்ற வாய்.

"ஒன் சத்தத்தக் கேட்டுல்லா ஓட்டுப் போட்டோம். அவிய வீட்டுக்குப் போயி மூடி எங்கன்னு கேட்டா அந்தம்மா திருதிருன்னு முழிக்கி. புருசங்காரரு, நோட்டீஸ்ல மூடின்னு எங்க இருக்குன்னு கேக்காரு. நோட்டீஸ யாரு பாத்தா? நாங்க பாத்தது ஒன் கொரலத்தான். எங்கட்டி மூடி?"

நான் என்ன, முந்தானையிலா முடிந்து வைத்திருக்கிறேன்? இருந்தாலும் அவள் கேட்ட கேள்வி நியாயமாகத்தான் பட்டது. "அக்கா, சுதந்திர தினத்துக்கு ஒங்க ஊர்ல கிராம சபை. மைக் செட்டு எங்க கடைதான். அங்க வச்சுக் கேளுங்க, நானும் இருப்பேன்" என்றேன்.

"நான் கேக்கேன், பொறவு பாரு" என்று சொல்லிவிட்டு, பேரம் பேசிய நூல்கண்டைக்கூட வாங்காமல் போய்விட்டாள்.

கிராம சபையை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? கொடியேற்றி, மிட்டாய் கொடுத்து முடித்ததும் வேப்பமரத்தடியில் நாற்காலி போடுவார்கள். கிளார்க் வரவு செலவை வாசிப்பார். தூங்குகிற குழந்தை எழுந்துவிடக் கூடாதே என்பதுபோல வாசிப்பார். ஜனங்கள் மிட்டாயைச் சப்பிக்கொண்டே கையைத் தூக்குவார்கள், தீர்மானம் நிறைவேறிவிடும். அன்றைக்கும் தலைவர் நாற்காலியில் தங்கப்பாண்டி சட்டமாக உட்கார்ந்திருந்தார். வேலம்மாள் அவருக்குப் பின்னால் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலில். ஓரமாக, ஆம்ப்ளிஃபயர் பக்கத்தில் நான்.

பேச்சியம்மாள் எழுந்து வாறுகால் மூடியைக் கேட்டாள். தங்கப்பாண்டி மைக்கை வாங்கி, "அது அறிவிப்பாளர் பேசுனது. வாடகைக்கு வந்த பிள்ள ஏதோ ஆர்வத்துல சொல்லிருச்சு. வேட்பாளர் அப்படி எதும் சொல்லல" என்றார். எனக்குக் காது சிவந்துபோனது. 'இன்னொரு தடவ சொல்லு' என்றவர் இவர்தான்! கூட்டத்தில் பாதித் தலைகள் என் பக்கம் திரும்பின. ஆம்ப்ளிஃபயருக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளலாம் என்றால் அது என்னில் பாதிகூட இல்லை.

அப்போது சுந்தரம் எழுந்தார். ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், ஊரில் மிலிட்டரி என்றால்தான் தெரியும். வீட்டுக்கு வந்த பிறகு அவர் நடத்துகிற ஒரே சண்டை ஒன்றிய அலுவலகத்தோடுதான். மனு போட்டு, எல்லா வேட்பாளர்களின் தேர்தல் செலவுக் கணக்குக்கும் நகல் வாங்கி வைத்திருந்தார். ஜெயித்தவர், தோற்றவர் என்ற பாகுபாடே அவரிடம் கிடையாது. கண்ணாடியை மாட்டிக்கொண்டு விறைப்பாக நின்று வாசித்தார்.

"ஒலிபெருக்கி வண்டி, உறவினருடையது. அறிவிப்பாளர் சம்பளம், இல்லை. குறிப்பு: பிரச்சாரம் முழுவதும் வேட்பாளரின் சொந்தக் குரல்."

செலவைக் குறைத்துக் காட்ட வேண்டும் என்பதற்காகத் தங்கப்பாண்டி என் தொண்டையை மொத்தமாக மனைவி பெயருக்கு எழுதிக் கொடுத்துவிட்டார்!

முதலில் சிரித்தது பேச்சியம்மாள்தான். பிறகு வேப்பமரத்துக் காக்காய்கள் பறக்கும் அளவுக்கு ஊரே சிரித்தது. வந்திருந்த அதிகாரிகூடக் கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டார்.

"வாடகைக் கொரலா சொந்தக் கொரலா? ரெண்டுல ஒண்ணச் சொல்லும்யா!" என்று யாரோ கத்தினார்கள்.

"சொந்தக் கொரல்னா அவிய வாயால பேசச் சொல்லு, கேப்போம்" என்றாள் பேச்சியம்மாள்.

தங்கப்பாண்டிக்கு வியர்த்துக் கொட்டியது. மைக்கை இறுகப் பிடித்துக்கொண்டார். அப்போது பின்னாலிருந்து ஒரு கை வந்து அந்த மைக்கை மெதுவாக உருவியது. வேலம்மாள்! ஸ்டூலை விட்டு எழுந்திருந்தாள். அவள் வாயைத் திறந்ததும் மைக் கூவென்று ஊளையிட்டது. சட்டென்று ஆம்ப்ளிஃபயர் குமிழைத் திருப்பி ஊளையை அடக்கி, அந்தச் சன்னக் குரலுக்கு எவ்வளவு ஏற்ற முடியுமோ அவ்வளவு ஏற்றினேன். பேசாமல் இருந்து நான் சம்பளம் வாங்கியது அன்றைக்குத்தான்.

"எனக்குப் பேச வராது" என்றாள். "மூடி போடுறேன்னு நான் சொல்லல. அந்தப் பிள்ளதான் சொல்லுச்சு. வண்டியில நானும் நின்னு கேட்டுக்கிட்டுதான் இருந்தேன், இல்லன்னு சொல்லல. கும்பிட்டுக்கிட்டுதான் இருந்தேன். கணக்குல அது என் கொரல்னு எழுதியிருக்கு. அதுக்குக் கீழ கையெழுத்துப் போட்டது நான். அப்பம் அது என் வாக்குதான். மூடி நான் போடுறேன்."

கைதட்டல் அடங்கவே இல்லை. அது அடங்குவதற்குள் அவள் புருஷன் பக்கம் திரும்பினாள். மைக் கையில் இருப்பதை மறந்துவிட்டாள் போலிருக்கிறது. ஊருக்கே கேட்டது.

"ஏங்க, செத்த எந்திரிங்க. நான் உக்காரணும்."

அவர் எழுந்தார்! எழுந்திருக்காமல் என்ன செய்வார்? அந்த நாற்காலியில் அவள் உட்கார்ந்தபோது எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. தூக்கம் கலைந்ததுபோல கிளார்க்கும் பக்கத்தைப் புரட்டி மறுபடியும் முதலிலிருந்து, இந்தத் தடவை சத்தமாக வாசித்தார்.

உடனே மூடி வந்துவிட்டது என்று சொன்னால் நீங்களே சிரிப்பீர்கள். ஒன்றிய அலுவலகத்துக்கு அவள் நடையாய் நடந்தாள். முதல் வேலையாகத் தேர்தல் கணக்கில் இருந்த தப்பைத் திருத்தி எழுதிக் கொடுத்தாள். ரேஷன் கார்டுக்கு அடுத்தபடியாக என் பெயர் ஏறிய அரசாங்கக் காகிதம் அதுதான். பிறகு ஒருநாள் ஜல்லி வந்தது, கம்பி வந்தது, தெருவோரமே பலகை அடித்துக் காங்கிரீட் மூடி வார்த்தார்கள். பூட்டு சாவி வரைந்திருந்த சுவரை வெள்ளையடித்து, சிமெண்ட் இத்தனை, கூலி இத்தனை என்று வேலம்மாள் எழுதச் சொன்னாள். மிலிட்டரி தினமும் வந்து மூட்டையை எண்ணிப் பார்த்துச் சுவரோடு ஒத்துப் பார்த்தார். தப்பு ஒன்றும் கிடைக்காததில் மனிதருக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

போன மாதம் பேச்சியம்மாள் வீட்டில் ஒரு காதுகுத்து. மைக் வேலையெல்லாம் விட்டுப் பல வருஷமாகிவிட்டது. இப்போதெல்லாம் யார் ஆள் வைத்துப் பேசுகிறார்கள்? ஒரு பென் டிரைவைச் செருகிவிட்டால் போதும், அதற்குப் பனங்கற்கண்டும் வேண்டாம், சால்னாவும் வேண்டாம். அந்தத் தெருவில் அந்த வாடை இல்லை. மூடிமேல் வரிசையாக உட்கார்ந்து பெண்கள் நைட்டிக்குப் பட்டன் தைத்துக்கொண்டிருந்தார்கள். "வாறுகால் இந்தப் பக்கமா இருந்துச்சு?" என்று கேட்டேன். புதிதாக வாழ்க்கைப்பட்டு வந்த ஒருத்தி, "எந்த வாறுகால்?" என்றாள். நியாயம்தானே, அவள் அதைப் பார்த்ததே இல்லையே.

அந்த நேரம் தெருமுக்கில் ஒரு ஆட்டோ திரும்பியது. கூம்பிலிருந்து ஒரு சன்னக் குரல் வந்தது, பதிவு செய்த குரல்தான். நடுவில் ஒரு இருமல், அதைக்கூட யாரும் வெட்டி எடுக்கவில்லை. "நான் வேலம்மா பேசுறேன். நாளைக்குக் கிராம சபை. கணக்கு வாசிப்போம். எல்லாரும் வந்து கேளுங்க. புரியலன்னா இன்னொருக்க வாசிக்கச் சொல்லுங்க."

பேச்சியம்மாள் காப்பித் தம்ளரை என் கையில் கொடுத்தாள்.

"கேட்டியாட்டி? ஒன் சோலி போச்சு."

"ஆமாக்கா, போச்சு" என்று சொல்லிவிட்டு, மூடிமேல் நன்றாகச் சம்மணம் போட்டு உட்கார்ந்து காப்பியைக் குடித்தேன்.