மீன்தொட்டியில் யூரியா

மீன்தொட்டிக்குள் யூரியா விழுந்தபோது உரக்கடை முதலாளியும், அங்கே மூட்டை தூக்கும் என் அப்பாவும் இருந்தார்கள், நான் இல்லை.

கம்பம் ஊரிலுள்ள அந்தக் கடைக்குச் செடிகள் வைத்துத் தொட்டி அமைத்தது நான்தான். எங்கள் வீட்டில் முதலில் படித்தவனான எனக்குத் தொட்டி அமைக்கும் தொழிலில் அது முதல் ஆர்டர். இரண்டு மாதம் தண்ணீரைப் பக்குவப்படுத்தி மீன் விட்டேன். “இலை மஞ்சளானா வெட்டி விடுங்க. வேற எதுவும் போடாதீக” என்று படித்துப் படித்துச் சொல்லியிருந்தேன்.

மறுவாரம் போனால் மீன்களெல்லாம் செத்து மிதந்தன. யூரியா கரைந்தால் வரும் அம்மோனியா நெடி தண்ணீரிலிருந்து மூக்கை எரித்தது.

“ஒஞ்செடிதாண்டா மீனக் கொன்னுச்சு. காசு கெடையாது, தூக்கிட்டுப் போ” என்றார் முதலாளி, கடை நிறைய ஆட்கள் இருக்கும்போதே.

“உரம் எதுவும் போட்டீகளா?”

“முப்பது வருசமா உரம் விக்கிறேன். எனக்கே பாடம் எடுக்கிறியாக்கும்?”

அப்பா தோளிலிருந்த மூட்டையை இறக்கினார். “செடி வளரட்டும்னு மொதலாளிதான் யூரியா போட்டாக. நானே பாத்தேன்.”

கடையிலிருந்தவர்கள் எல்லாரும் முதலாளியைத் திரும்பிப் பார்த்தார்கள்.

“அப்பச் சரி. நாளையிலருந்து ஒம் மகன்கிட்டயே மூட்டை தூக்கு” என்றார் முதலாளி.

உண்மையைச் சொன்னதற்காக அப்பா இதுவரை வருந்தவில்லை. எனக்குத்தான் அந்தக் கடையைத் தாண்டும்போதெல்லாம் இன்னும் ரத்தம் கொதிக்கிறது. தொட்டிக்கு நான் போட்ட எட்டாயிரம் போனது; அதோடு அப்பாவின் வேலையும், அதில் வந்த நாள் கூலி அறுநூறு ரூபாயும் போயின.