முதல் கல்லை யார் எடுப்பது

என் அத்தான் லிஃப்ட் மெக்கானிக். ஊரில் மாடி வைத்த கட்டடம் எதுவானாலும் அதன் உள்வயிறு அவருக்குத் தெரியும். நீங்களும் நானும் ஒரு கட்டடத்தை முகப்பை வைத்து அடையாளம் சொல்வோம். அவர் மோட்டார் ரூம், கயிறு இறங்குகிற குழி, மொட்டைமாடிக்குப் போகும் இரும்பு ஏணி என்று உள்ளேயிருந்துதான் ஆரம்பிப்பார். வழி கேட்டவர்கள் பாடு திண்டாட்டம்தான்.

என் அக்காவை அவர் முதலில் பார்த்ததே ஒரு லிஃப்டுக்குள். அக்கா டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர். ஒரு நாள் காலை வேலைக்குப் போனவள் முதல் மாடிக்கும் இரண்டாம் மாடிக்கும் நடுவில் மாட்டிக்கொண்டாள். மடக்குக் கம்பிக் கதவு போட்ட பழைய லிஃப்ட் அது. கம்பி இடுக்கு வழியாக அவள் கண்ணுக்கு முதலில் தெரிந்தது இரண்டு கிரீஸ் படிந்த ஷூ. வேறொருத்தியாக இருந்தால் அழுதிருப்பாள். என் அக்கா அந்த ஷூவைப் பார்த்து, "இப்படி ஆடி அசைஞ்சு வர்றதுக்கு இது என்ன உங்க மாமியார் வீடா?" என்று கேட்டாள்.

மனுஷன் லிஃப்டைக் கையால் சுற்றி மேலே ஏற்றி, கதவைத் திறந்து விட்டு, தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டார். அடுத்த வருஷம் நிஜமாகவே மாமியார் வீட்டுக்கு ஆடி அசைந்து வந்தார். எங்கள் அம்மா அவரை நடுக்கூடத்தில் உட்கார வைத்தாள். நான் கதவுக்குப் பின்னால் நின்று சிரித்ததற்கு அக்கா என்னைக் கிள்ளிய கிள்ளு இன்னும் ஞாபகம் இருக்கிறது.

அவர்களுக்குப் பிள்ளை இல்லை. என் மகளைத்தான் தூக்கி வைத்துக் கொண்டாடினார்கள். ஒரு பொம்மைக் கடையைக் காலி செய்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, மிச்சமிருந்த பிளாஸ்டிக் கற்கள் அத்தனையையும் அத்தான் அவளுக்காக மூட்டையாக அள்ளிக்கொண்டு வந்தார். உங்களுக்குத் தெரிந்திருக்கும், மேலே குமிழும் அடியில் பள்ளமுமாக இருக்கும் சின்னச் சின்னக் கற்கள். ஒன்றின் மேல் ஒன்றை வைத்து அழுத்தினால் டக்கென்று பிடித்துக்கொள்ளும். என் மகள் ஒரு நாள் அதைப் பொம்மைக்குச் சோறாகப் போட்டாள். மறுநாள் காலால் எத்திவிட்டு வெளியே ஓடினாள். அத்தான் தரையில் உட்கார்ந்து பொறுக்கினார். பொறுக்கியவர் எழுந்திருக்கவில்லை. அக்கா சாப்பிடக் கூப்பிடப் போனபோது நான்கு சுவரும் ஒரு கதவும் நின்றுகொண்டிருந்தன.

"என்னங்க இது, சலூனா?"

"எப்படிக் கண்டுபிடிச்சே?"

"கதவு அரை கோணலா இருக்கே."

தெருமுனை சலூனின் கதவு நிஜத்திலும் கோணல்தான். அவருக்கு அன்று தலைகால் புரியவில்லை. சாக்லேட் காகிதத்தைத் தேய்த்து உள்ளே கண்ணாடி ஒட்டினார். நாற்காலி சுற்றியது. சலூன்காரர் வந்து பார்த்துவிட்டு, தன் கடையைத் தானே முதல் தடவை பார்க்கிறவர் போல வாயைப் பிளந்தார். அதற்கப்புறம் கேட்க வேண்டுமா? ஆம்புலன்ஸ் டிரைவர் வந்தார். அவருக்குப் பின்கதவு திறந்து ஸ்ட்ரெச்சர் வெளியே வருகிற மாதிரி ஒரு வண்டி. ரொட்டிக்கடைக்காரருக்குப் புகைபோக்கியோடு கடை. மீட்டர் ரீடிங் எடுக்க வந்தவர்கூடத் தன் ஸ்கூட்டரைக் கட்டச் சொல்லிவிட்டுப் போனார். வீட்டில் கால் வைக்க இடம் கிடையாது. ஷூவுக்குள் கல், அரிசி டப்பாவில் கல், அக்காவின் கைப்பையில் கல். நான் மிதித்துவிட்டுக் கத்தாத நாளே இல்லை. "இது வீடா, கல்குவாரியா?" என்பேன். "வாடகை குடுக்காம வந்து உக்காந்து குறை சொல்றா பாருங்க" என்பாள் அக்கா.

ஒரு தொல்லை இருந்தது. அந்தக் கற்களைச் செய்த கம்பெனி மூடிப் போய்விட்டது. புதிதாக வாங்கிய கற்கள் இதன் மேல் உட்காராது, மயிரிழை வித்தியாசம். ஆகவே இருப்பதை வைத்துத்தான் பிழைப்பு. புதுசு கட்ட வேண்டுமானால் பழசைப் பிரிக்க வேண்டும்.

சலூனை அத்தான் அப்படித்தான் ஒரு நாள் சத்தமில்லாமல் பிரித்துவிட்டார். அதே வாரம் சலூன்காரர் தன் மச்சானை அழைத்துக்கொண்டு பெருமையாகக் காட்ட வந்தார். அலமாரியில் அவருடைய கடை இருந்த இடத்தில் ஆம்புலன்ஸ் நின்றது. "ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானே வந்து பிரிச்சிருப்பேனே" என்று மட்டும் சொன்னார். அவர் முகம் செத்துப் போய்விட்டது. அத்தான் அன்று சரியாகச் சாப்பிடவில்லை.

அதிலிருந்து ஒரு கறாரான வழக்கம் வந்தது. யாருக்காகக் கட்டினதோ அவர்தான் வந்து முதல் கல்லை எடுக்க வேண்டும். அவரை வரவழைத்து, உட்கார வைத்து, டீ கொடுத்து, "எடுங்க" என்பார். அவர் தனக்குப் பிடித்த ஒரு கல்லைக் கழற்றுவார். மீதியை அத்தான் பிரிப்பார், கூரையிலிருந்து கீழ்நோக்கி, கட்டியதற்கு நேர் எதிராக. ஆம்புலன்ஸ் டிரைவர் அந்த ஆறடி உடம்பை வைத்துக்கொண்டு மேலே இருந்த நீல விளக்கைக் கழற்றும்போது கண்ணைத் துடைத்துக்கொண்டார். நாங்கள் சிரித்தோம். அவரும் சிரித்தார். அந்தக் கூடம் அப்போது எப்படி இருந்தது! இப்போது நினைத்தாலும் டீ வாசனை வருகிறது.

எல்லாருக்கும் கட்டினார், எனக்கு மட்டும் இல்லை. நான் தையல்காரி. தெருமுனை மஞ்சள் கட்டடத்தில், வளைந்த சுவர் ஓரமாக என் கடை. எனக்கும் ஆசை இருந்தது, ஆனால் வாய்விட்டுக் கேட்க ரோஷம் விடவில்லை. அத்தானிடம் காரணம் கேட்டால், "உனக்குக் கட்டினா நீ டேப் வெச்சு அளப்பியே, யாரு உன்கிட்ட வாங்கிக் கட்டிக்கிறது?" என்பார்.

அக்கா வேலையிலிருந்து ஓய்வு பெற்றபோது எக்ஸ்சேஞ்சைக் கட்டினார். சும்மா சொல்லக் கூடாது, அவர் கட்டியதிலேயே அதுதான் உசத்தி. இருந்த மஞ்சள் கல் அத்தனையும் அதற்கே போயிற்று. மூன்று மாடி, வரிசை வரிசையாக ஜன்னல், மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டி. அந்தத் தொட்டி நிழலில்தான் அக்கா மத்தியானச் சாப்பாட்டை வைத்துச் சாப்பிடுவாள். பக்கவாட்டில் ஒரு சின்னச் சக்கரம். சுற்றினால் நூலில் தொங்கும் லிஃப்ட் மேலே ஏறும். முதல் மாடியைத் தாண்டும், இரண்டாம் மாடி வருவதற்குள் நின்றுவிடும். எத்தனை சுற்றினாலும் அதற்கு மேல் போகாது.

"ஊரு லிஃப்டையெல்லாம் சரி பண்றீங்க, இது மாட்டிக்குதே" என்றேன் நான்.

"அது மாட்டலடி" என்றாள் அக்கா. அவளுக்குக் கழுத்து வரை சிவந்திருந்தது. அந்த வயதில்!

அதற்கப்புறம் அவளுக்கு உடம்புக்கு முடியாமல் போனது. ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும் நாளில் பையைத் தானே அடுக்கிக்கொண்டாள், யாரையும் தொடவிடவில்லை. திரும்பி வரவில்லை. என் அக்கா போய்விட்டாள். இதை எப்படிச் சுற்றி வளைத்துச் சொன்னாலும் அதே வார்த்தையில்தான் வந்து நிற்கிறது.

அத்தான் எக்ஸ்சேஞ்சின் மேல் ஒரு வெள்ளைத் துணியைப் போட்டு, அப்படியே தூக்கிப் பீரோ மேல் வைத்துவிட்டார். அந்தத் துணியை அவர் விலக்கியதே இல்லை. பார்க்கத் தெம்பில்லை என்று என்னிடமே சொன்னார். கல் மூட்டை கட்டிலுக்கடியில் போயிற்று. யார் வந்து கேட்டாலும், "மஞ்சள் கல்லு இல்ல" என்பார். மீட்டர்காரர் தன் ஸ்கூட்டர் பச்சை நிறம்தானே என்று சொல்லிப் பார்த்தார். அதற்கும் மஞ்சள் இல்லை என்ற பதில்தான்.

கடையைப் பூட்டிவிட்டு நான் தினமும் சாப்பாடு எடுத்துக்கொண்டு போவேன். இடிச்ச புளி மாதிரி நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். பாதி சாப்பிடுவார். சட்டை தோளில் நிற்காமல் தொளதொளத்தது. நானே தைத்த சட்டை, என் அளவு தப்பாது. மனுஷன் கண்ணெதிரே கரைந்துகொண்டிருந்தார். அக்கா போன துக்கத்தோடு இவரும் போய்விடுவாரோ என்ற பயம் எனக்குள் புகுந்துவிட்டது. அவரும் போனால் அக்காவைப் பற்றிப் பேச எனக்கு யார் இருக்கிறார்கள்?

கடைசியில் ரோஷத்தை மூட்டை கட்டி வைத்துவிட்டுக் கேட்டேன். "அத்தான், எனக்கு என் கடையைக் கட்டிக் குடுங்க."

நிமிர்ந்து பார்த்தார். "உனக்கா?"

"எனக்குத்தான். ஊருல இருக்கிறவங்களுக்கெல்லாம் கட்டினீங்க. நான் என்ன பாவம் பண்ணினேன்?"

தட்டை நகர்த்தி வைத்துவிட்டு எழுந்து போனார். ஆனால் மறுநாள் நான் தையல் மெஷினிலிருந்து தலையைத் தூக்கினால், எதிர்ப்பக்கம் நடைபாதையில் அத்தான் நிற்கிறார்! ஒரு கண்ணை மூடிக்கொண்டு, கட்டை விரலை நீட்டி, வளைந்த சுவரை அளக்கிறார். எனக்கு ஊசியில் நூல் கோக்கவே கை வரவில்லை. அன்று சாயங்காலம் ஓட்டமும் நடையுமாகப் போனேன். கட்டிலுக்கடியிலிருந்து மூட்டை வெளியே வந்திருந்தது. கற்கள் நிறம் நிறமாகப் பிரிந்து தரையில் கிடந்தன. அவர் மட்டும் பழைய நாற்காலியில்.

"மஞ்சள் பத்தாதும்மா."

"பீரோ மேல இருக்கே."

"அது அவளுது. முதல் கல்லை அவதான் எடுக்கணும்."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "அவ எங்க வந்து எடுப்பா? நான் எடுக்கறேன், கூடப் பிறந்தவதானே! இல்ல, நீங்க எடுங்க. உங்களைவிட யாருக்கு உரிமை?"

"நாம எடுத்தா உடைச்சதா ஆகும்" என்றார். "சலூன்காரர் முகத்தைப் பார்த்தியே, மறந்துட்டியா? அவளைக் கேக்காம நான் எப்படிம்மா…"

நான் வாய்க்கு வந்தபடி பேசினேன். கல்லைக் கட்டிக்கொண்டு அழுங்கள் என்றேன். பாத்திரத்தை டங்கென்று வைத்துவிட்டு வந்துவிட்டேன். வழியெல்லாம் அழுதேன். கோபம் அவர் மேலா அக்கா மேலா என்று எனக்கே தெரியவில்லை.

மறுநாள் ஒருத்தி கோட்டுக்குப் பித்தான் வைக்கக் கொடுத்தாள். ஜோடி தேடி, பித்தான் டப்பாவை மேஜை மேல் கவிழ்த்தேன். வெள்ளை, கறுப்பு, மரப் பித்தான்களுக்கு நடுவில் ஒரு மஞ்சள் கல் உருண்டு வந்து நின்றது.

அதை நான்தான் அங்கே போட்டிருந்தேன். ஆஸ்பத்திரியில் கொடுத்த பையில் அக்காவின் மூக்குக் கண்ணாடிக் கூடு இருந்தது. அதை நான் எடுத்துக்கொண்டேன், இன்றும் என் கண்ணாடியை அதில்தான் வைக்கிறேன். திறந்தபோது உள்ளே கண்ணாடிக்கு அடியில், கைக்குட்டையில் சுற்றி இந்தக் கல் இருந்தது. அந்த வீட்டில் கல் எங்கேதான் இல்லை? அரிசியில் கிடந்த மாதிரி இதிலும் கிடக்கிறது என்று நினைத்து டப்பாவில் போட்டேன். ஆனால் அரிசியில் கிடந்த கல்லை யாரும் கைக்குட்டையில் சுற்றி வைக்கவில்லையே!

கோட்டுக்காரி ஏதோ கேட்டாள். "இருங்க, வந்துடறேன்" என்று கடையை அவளிடமே விட்டுவிட்டு, கழுத்தில் தொங்கிய டேப்போடு தெருவில் ஓடினேன்.

அத்தான் கையில் கல்லை வைத்தேன். அவர் திருப்பிப் பார்த்தார். ஒரு ஓரம் சீவிய கல் அது.

"இது தொட்டிக்குக் கீழே வைக்கறதுக்காக நான் சீவினது. பின்பக்க மூலை. உனக்கு எப்படிக் கிடைச்சுது?"

சொன்னேன். மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னேன். அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறினார். பிடித்துக்கொள்ள நான் போனேன், வேண்டாம் என்று கையை ஆட்டினார். துணியை விலக்கினார். தூசி எங்கள் இரண்டு பேர் மேலும் கொட்டியது. எக்ஸ்சேஞ்சை இறக்கித் தரையில் வைத்து, அதன் முதுகைத் திருப்பினார். சுவரைப் பார்த்தே இருந்த பக்கம் அது. மொட்டைமாடியில், தொட்டியின் நிழல் விழுகிற இடத்தில், ஒரு கல் அளவுக்கு ஒரு பள்ளம்.

"எடுத்துட்டுத்தான் போயிருக்கா" என்றார்.

பையைத் தானே அடுக்கியவள், யாரையும் தொடவிடாதவள். திரும்பி வரமாட்டோம் என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது. இந்த மனுஷன் அப்புறம் எதையும் தொடமாட்டார் என்பதும் தெரிந்திருக்கிறது.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலியே" என்றார் அத்தான். அழுகையும் சிரிப்புமாகக் குரல் உடைந்தது.

"சொல்லியிருந்தா எடுக்க விட்டிருப்பீங்களா?"

அவர் தலையை ஆட்டினார். இல்லை என்று. பிறகு அந்தக் கல்லைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, கூரையிலிருந்து இரண்டாவது கல்லைத் தானே கழற்றினார். நான் போய் டீ போட்டேன். மூன்று பேருக்குப் போட்டுவிட்டேன், பழக்க தோஷம்.

என் கடை இப்போது அவர் வீட்டு அலமாரியில் நிற்கிறது. வளைந்த சுவர் அச்சு அசல். மாடிப்படி, ஜன்னல், என் மெஷின் எல்லாம் சரி. நான் டேப் வைத்து அளந்தும் பார்த்தேன். ஒன்றே ஒன்றுதான் தப்பு. ஒரே மாடி உள்ள அந்தக் கட்டடத்துக்கு நிஜத்தில் லிஃப்ட் கிடையாது. இதில் பக்கவாட்டில் ஒரு சின்னச் சக்கரம் இருக்கிறது. சுற்றினால் நூலில் லிஃப்ட் ஏறி, பாதியில் நின்றுவிடும்.

குறை சொல்வதற்கென்றே பிறந்தவள் நான். அதைப் பற்றி மட்டும் இன்றுவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை.