வண்டிக்கு முன்னால் நின்றவர்

என் கையெழுத்து கோணல். எழுத்துப்பிழையும் இருக்கும், ஐந்தாவதோடு நின்றவன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ராசிபுரம் சாலையில் ஒரு மெக்கானிக். ஒல்லியானவர், மீசை நரைத்திருந்தது. என் காரின் பிரேக் பெடல் கல்லாக இறுகியிருந்தது. இன்ஜினை அணைத்து நாலு தடவை மிதித்து, அழுத்தியபடியே ஸ்டார்ட் செய்யச் சொன்னார். நல்ல வண்டியானால் அப்போது பெடல் கொஞ்சம் இறங்குமாம்; இதில் இறங்கவில்லை. பிரேக்கை லேசாக்கும் பூஸ்டருக்குப் போகும் ரப்பர் குழாயருகே காதை வைத்துக் கேட்டார்.

"இங்கதானுங்க காத்து லீக்காவுது."

குழாயை மாற்றியதும் பெடல் மெத்தென்று இறங்கியது. அவர் காருக்கு முன்னால் இருபதடி தள்ளிப் போய் நின்றார்.

"வண்டிய ஓட்டிட்டு வாங்க. எங்கிட்ட வந்து பிரேக்க மிதிங்க."

"ஏனுங்க, விளையாடறீங்களா?"

"எல்லா வண்டிக்கும் நிப்பேனுங்க. இதே கோளாறோட ஒருத்தர் வந்தாரு. நாளைக்குப் பாத்துக்கலாம்னு அனுப்பிட்டேன். அவரு ஊடு போய்ச் சேரலைங்க. வாங்க சாமி."

அவர் முழங்காலுக்கு ஒரு சாண் முன்னால் கார் நின்றது. கண்களை மூடியிருந்தார். கார் நின்ற பிறகும் திறக்கவில்லை.

அந்த முகத்தைப் பற்றி யாரிடமும் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதனால்தான் ஆவணி மூன்றாம் தேதி இதை எழுதினேன்.