எளிதில் நம்பாத அக்காவும் உப்புத் தண்ணீர் நெல்லும்

அக்கா எங்களைப் பிரிந்து ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவினர்களும் நண்பர்களும் அறிந்ததுதான்: அக்கா யாரையும் எதையும் எளிதில் நம்பியவர் அல்லர்.

கொச்சி மட்டாஞ்சேரியில், அப்பாவின் அரிசிக் கடைக்குப் பின்னாலிருந்த வீட்டில் பிறந்தார். சிறு வயதிலேயே மூட்டையிலிருந்து ஒரு பிடி அள்ளிப் பிரித்துப் பார்த்து, “அப்பா, இது ஒரே அரிசி இல்ல, கலந்திருக்கான்” என்பார். அப்பா மறைந்த பிறகு நான் கடையைப் பார்த்துக்கொள்ள, அக்கா ட்யூஷன் எடுத்துக்கொண்டே வேளாண்மை படித்தார். பெண் பார்க்க வந்தவர்களை அவர் கேட்ட கேள்விகளில், திருமணப் பேச்சு அதோடு நின்றுபோனது.

நெல் ஆராய்ச்சி நிலையத்தில் சந்தேகமே அவருக்கு வேலையாயிற்று. புதிய ரகங்கள் பலவற்றின் பூர்வீகத்தைத் தேடினால் அதே சில முன்னோர்களிடம்தான் போய் நிற்கும் என்பார். “பேருதான் வேற வேற. எல்லாம் ஒரே குடும்பத்துக்குள்ள பொண்ணு கொடுத்து பொண்ணு எடுத்தது. ஒரு நோய் வந்தா மொத்தமாப் படுத்துடும்டா.”

அதனால்தான் வைப்பின் தீவில் உப்புநீர் ஏறும் வயல்களைத் தேடிப் போனார். அங்கே உப்பைத் தாங்கும் நெல்லுக்கெல்லாம் பொக்காளி என்று ஒரே பெயர் சொன்னாலும் வயலுக்கு வயல் நெல் வேறுபட்டது. விவசாயி ஜோசப் சேட்டனின் வயலிலிருந்தும் மற்றவர்களிடமிருந்தும் விதைகளைத் தனித்தனியே சேகரித்து, அதிக விளைச்சல் தரும் குட்டை ரகத்தோடு கலப்புச் செய்தார்.

பல பருவங்களுக்குப் பிறகு, சோதனை வயலில் உப்புநீர் புகுந்தபோது ஒரு வரிசை மட்டும் பச்சையாக நின்றது. மேலதிகாரி அதைப் புதிய ரகமாக உடனே அறிவிக்க விரும்பினார். அக்கா ஒப்புக்கொள்ளவில்லை.

“நீங்க உருவாக்கின நெல்லையே சந்தேகப்படறீங்களே, மேடம்!”

“என்னோடதுங்கறதாலதான் சார் அதிகமாச் சந்தேகப்படறேன்.”

வரப்பை வெட்டிப் பார்த்தார். பக்கத்து வாய்க்காலிலிருந்து நல்ல தண்ணீர் அந்த வரிசைக்கு மட்டும் கசிந்துகொண்டிருந்தது. பிறகு அந்த விதையை எங்கள் மொட்டை மாடியில் தொட்டிகளில் விதைத்தார். உப்பான காயல் தண்ணீரை நான் சுமந்து வந்து ஊற்றினேன். பயிர் முழுவதும் கருகியது. மாடிப்படியில் உட்கார்ந்து அக்கா அழுததை அன்றுதான் பார்த்தேன். அந்த ஆண்டுப் பதவி உயர்வு வேறொருவருக்குப் போனது.

அடுத்த பருவத்தில், விளைச்சல் குறைவென்று முன்பு தாமே ஒதுக்கியிருந்த ஒரு நெல்லை எடுத்தார். ஜோசப் சேட்டனின் வயல் மூலையில் கிடைத்தது அது. நெல்மணி நுனியில் நீண்ட மீசை, உள்ளே சிவந்த அரிசி. அதைக் கலப்புச் செய்து உண்டான சந்ததியில் சில செடிகள் தொட்டியிலும் பிழைத்தன, வயலிலும் பிழைத்தன. நாங்கள் இனிப்பு வாங்கி வந்தபோதும், “இன்னொரு பருவம் பார்க்கலாம்” என்றார். அப்படிப் பலமுறை பார்த்த பிறகே அந்த விதை வைப்பின் வயல்களுக்குப் போனது.

இறுதி நாட்களில் இடப்பள்ளி மருத்துவமனையில், “பயப்பட ஒண்ணுமில்லை” என்றார் டாக்டர். “யாருக்கு?” என்று கேட்டார் அக்கா. டாக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டு உள்ளதைச் சொன்னார். அதன் பிறகு அக்கா நிம்மதியாகத் தூங்கினார்.

அந்த டாக்டருக்கும், முகம் சுளிக்காமல் பார்த்துக்கொண்ட நர்ஸ்களுக்கும், அடுக்களையை ஏற்றுக்கொண்ட அண்டை வீட்டாருக்கும், பழைய கோபத்தை மறந்து வந்து மாலையிட்ட மேலதிகாரிக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. இறுதிச் சடங்கன்று ஜோசப் சேட்டன் படகேறி வந்து ஒரு காகிதப் பொட்டலத்தை என் கையில் வைத்தார். பிரிக்கப் போன என்னைப் பார்த்து, “பேடிக்கண்டா மோனே. சேச்சி தந்த வித்தில் விளைஞ்ச அரியாணு. வேறொண்ணும் கலந்திட்டில்ல” என்றார்; பயப்படாதே, அக்கா தந்த விதையில் விளைந்த அரிசிதான், வேறெதுவும் கலக்கவில்லை என்று.

நான் சோதித்துப் பார்க்கவில்லை. அதையே அக்காவுக்கு வாய்க்கரிசியாக இட்டோம்.